தம்பி பணியில் சேர்ந்தார்

கடைசிப் பேருந்து எட்டு ஐம்பத்தைந்துக்குக் கிளம்பும். மருத்துவமனையில் செவிலியர் பணி ஒன்பது மணிக்கு முடியும். பேருந்து நிலையமும் மருத்துவமனையும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு சாலை மட்டும். இந்த ஐந்து நிமிடத்தால் அட்டவணையாளரின் மனைவி தினமும் பிணவண்டியில் வீட்டுக்கு வந்தாள்.

வண்டி ஓட்டுபவர் நல்ல மனிதர். போகிற வழிதானே என்று ஏற்றிக்கொள்வார். பின்னால் யாரும் இல்லாத நாட்களில் பாட்டுகூடப் போடுவார். வீட்டு வாசலில் நிறுத்தி, அவள் உள்ளே போகும்வரை விளக்கை எரியவிட்டு நிற்பார். அந்த விளக்குதான் வினையானது.

முதல் வாரம் எதிர்வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். இரண்டாம் வாரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மாடிப் பகுதியை வாடகைக்குப் பார்க்க வந்த புதுமணத் தம்பதி வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டுப் படியேறாமலே திரும்பினார்கள். மறுநாள் காலை வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. ஆனா தினம் பிணவண்டி வந்து நிக்கிற வீட்டுக்கு எவன் குடி வருவான்?"

"காலி வண்டிதாங்க அது," என்றாள் மனைவி.

"காலின்னு வெளிய போர்டா மாட்டியிருக்கு? பாக்கிறவன் என்ன நினைப்பான்? நேத்து என் மச்சான் போன் பண்ணி, நான் எப்படி இருக்கேன்னு என்கிட்டயே கேக்கிறான். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கிறேன். வண்டி வர்றது நிக்கணும். இல்லேன்னா நீங்க வேற வீடு பாத்துக்குங்க."

அவர் போனதும் மனைவி கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்த ஊர்ல எந்த பஸ் எப்போ கிளம்பணும்னு முடிவு பண்றது யாரு?"

"எங்க ஆபீஸ்."

"ஆபீஸ்ல யாரு?"

"நான்."

"உங்க பொண்டாட்டி எதுல வீட்டுக்கு வர்றா?"

அட்டவணையாளர் காபியைக் குடித்தார். ஏற்கெனவே குடித்து முடித்த காபி அது.

ஒரு பேருந்தை ஐந்து நிமிடம் தள்ளினால் அது திரும்பி வருவது தள்ளும், ஓட்டுநரின் ஓய்வு தள்ளும், மறுநாள் முதல் வண்டி தள்ளும். ஆகவே அட்டவணையைக் கையால் திருத்தக் கூடாது, கணினி நிரலால் மட்டுமே திருத்த வேண்டும் என்று பொது மேலாளர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். நிரலும் இருந்தது. ஒரு கல்லூரி ஆசிரியர் இலவசமாக எழுதிக் கொடுத்தது. ஒரே ஒரு சிக்கல். அது படம் தொட்டு, பொத்தான் அழுத்தி ஓட்டும் நிரல் அல்ல. கறுப்பு ஜன்னல் ஒன்றில் கட்டளையைத் தட்டச்சு செய்தால்தான் ஓடும். அந்த ஜன்னல் லினக்ஸ் வகைக் கணினிகளில் இருக்கும். அலுவலகத்தில் இருந்தது விண்டோஸ்.

அட்டவணையாளர் கல்லூரி ஆசிரியருக்குப் போன் செய்தார்.

"ரொம்ப சுலபம் சார்," என்றார் ஆசிரியர். "விண்டோஸுக்குள்ளயே அதைக் குடிவைக்கிற வசதி இருக்கு. ஒரு கட்டத்துல டிக் போடுங்க. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பேரு கேக்கும், பாஸ்வேர்டு கேக்கும். கொடுத்துடுங்க. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்."

அந்தக் கல்லூரியில் கணினிப் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்று இல்லை. அதை அட்டவணையாளர் யோசிக்கவில்லை.

பேருந்து நிலையத்தின் மாடியில்தான் அலுவலகம். அதில் குளிரூட்டிய அறை ஒன்றுதான். அது கணினிப் பாதுகாப்புப் பிரிவுக்கு உரியது. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே பாதுகாப்பு அதிகாரியும் ஒரு டெக்னீஷியனும் இருந்தார்கள். டெக்னீஷியன் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அதிகாரி குளிரைப் பொருட்படுத்தாதவர் போல் இருந்தார்; மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"என்ன வேணும்?"

"ஒரு கட்டத்துல டிக் போடணும் சார்."

அதிகாரி அவர் நீட்டிய தாளில் குறிக்கப்பட்டிருந்த கட்டத்தைப் பார்த்தார்.

"இது இத்தனை நாளா காலியாத்தானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"காலியா இருந்ததால ஏதாவது பிரச்சினை வந்துச்சா?"

"எனக்கு வந்துச்சு சார்."

"உங்களுக்கு வந்தா அது உங்க பிரச்சினை. கம்ப்யூட்டருக்கு வந்தாத்தான் எங்க பிரச்சினை. சரி, டிக் போட்டா என்ன வரும்?"

"ஒரு கறுப்பு ஜன்னல் வரும் சார்."

"அதுல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. நாமதான் தட்டச்சு செய்யணும்."

"எதை வேணும்னாலும் தட்டலாமா?"

"தட்டலாம் சார்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். பயப்படுவதற்குப் புதிதாக ஒன்று கிடைத்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுல இருந்து இந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டரால ஒரு தப்பு நடந்ததில்ல. எப்படின்னு கேளுங்க."

"எப்படி சார்?"

"ஏதாவது செஞ்சாத்தானே தப்பு நடக்கும்? நாங்க செய்யவே விடறதில்ல. போன வருஷம் எங்களுக்கு விருது அறிவிச்சாங்க. விருது வாங்கினவங்க பேரை கம்ப்யூட்டர்ல ஏத்த அனுமதி கேட்டாங்க. நான் கொடுக்கல. அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கோம்."

"விருது வந்துச்சா சார்?"

"பேரு ஏறலையே, எப்படி வரும்?"

அட்டவணையாளர் பொது மேலாளரின் சுற்றறிக்கையை மேசைமேல் வைத்தார். அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். பொது மேலாளரின் கையெழுத்தை மூன்றாம் தரம் படித்தார். பிறகு, பாதுகாப்பாகச் செய்யலாம் என்றார்.

அந்த அலுவலகத்தில் எந்தக் கணினியின் மின்பொத்தானும் கண்ணுக்குத் தெரியாது. மேலே காகித முத்திரை ஒட்டியிருக்கும். முன்பு யாரோ ஒருவர் கணினியை அணைத்துப் போட்டபோது, அது பாதி நாள் எதையோ புதுப்பித்துக்கொண்டே இருந்தது. பொது மேலாளரின் ஆண்டு விழா உரை அதனுள் மாட்டிக்கொண்டது. அன்று அவர் சொந்தமாகப் பேச நேர்ந்தது. அப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று, மறுதொடக்கத்துக்குப் பிற பிரிவுகளின் சாட்சி வேண்டும் என விதி செய்தார்கள்.

குறித்த நாளில் சாட்சிகள் வந்தார்கள். கிடங்கிலிருந்து ஒருவர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், பணியாளர் பிரிவிலிருந்து அதிகாரி அம்மையாரே நேரில். டெக்னீஷியன் பிளேடால் முத்திரையை அறுத்தாள். அட்டவணையாளர் கட்டத்தில் டிக் போட்டார். கணினி அணைந்தது. திரை இருண்டதும் கிடங்குக்காரர் பழக்கதோஷத்தில் எழுந்து தலைகுனிந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். திரை வெளிச்சமானதும் உட்கார்ந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் கை தட்டினார்.

கறுப்பு ஜன்னல் திறந்தது. புதிய பயனரின் பெயர் என்ன என்று கேட்டது.

எந்தப் பெயரானாலும் போதும் என்று கல்லூரி ஆசிரியர் சொல்லியிருந்தார். அட்டவணையாளருக்கு வாயில் வந்தது தம்பி. அதையே தட்டினார்.

"புது ஆளா?" என்றார் அம்மையார்.

"ஆள் இல்ல மேடம். யூசர்."

"யூசர்னா?"

"இந்த ஜன்னலைப் பயன்படுத்தறவரு."

"ஆபீஸ் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தலாம்? ஊழியர் மட்டும்தானே? இவர் எந்தத் தேர்வு எழுதி உள்ள வந்தார்?"

"மேடம், இது நான்தான். எனக்கே இன்னொரு பேரு. அவ்வளவுதான்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க ஏற்கெனவே பணியில இருக்கீங்க. ஒரே ஆள் ரெண்டு பேர்ல இருந்தா அதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். வேலை போயிடும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது நீங்களா, வேற ஆளா?"

அட்டவணையாளர் யோசித்தார். வேலை போனால் வாடகை போகும். பிணவண்டி வராவிட்டாலும் வீடு போகும்.

"வேற ஆள் மேடம்."

"அப்படிச் சொல்லுங்க. உங்க தம்பியா?"

"இல்ல மேடம். சும்மா ஒரு பேரு."

"சும்மா சொல்லக் கூடாது. இந்தத் தம்பி என் தம்பி இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு யாரும் சொந்தக்காரனை உள்ள விட்டுட்டாருன்னு பேசக் கூடாது பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எழுதிக் கொடுத்தார். தம்பி தற்காலிக ஊழியராகச் சேர்க்கப்பட்டார்.

அடையாள அட்டைக்கு மார்பளவுப் படம் வேண்டும். டெக்னீஷியன் கறுப்பு ஜன்னலின் மேல்பாதியைப் படம் எடுத்து ஒட்டினாள். காதுகள் தெரியவில்லை என்று அட்டை ஒருமுறை திரும்பி வந்தது. ஜன்னலைக் கொஞ்சம் அகலமாக்கி மறுபடி எடுத்தாள். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது மருத்துவச் சான்று. அட்டவணையாளர் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, மருத்துவமனையின் வெளிநோயாளிகள் வரிசையில் அதை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த முதியவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று பரிவாகக் கேட்டார். அந்த வழியாக மனைவி ஊசித் தட்டுடன் வந்தாள்.

"என்னங்க இது?"

"புதுசா சேர்ந்தவரு. உடம்பு நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் வாங்கணும்."

அவள் பெட்டியையும் பார்த்தாள், கணவனையும் பார்த்தாள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை.

"இது காய்ச்சல் வரிசை. எதையாவது ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வராதீங்க. சர்டிபிகேட் அந்தப் பக்கம்."

மருத்துவர் காலையிலிருந்து நிமிரவே இல்லை. நிமிராமலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். உள்ளே சீரான இரைச்சல் கேட்கிறது, எதிர்த்துப் பேசும் குணம் இல்லை, அரசுப் பணிக்குத் தகுதியானவர் என்று எழுதினார்.

பெட்டிக்குள் மின்சாரமே இல்லை என்பதை அட்டவணையாளர் சொல்லவில்லை.

பிறகு ஜன்னலைப் பாதுகாப்பாக்கும் பணி தொடங்கியது. கறுப்பு அலுவலகத்துக்கு ஒத்துவராது என்று வெள்ளையாக்கினார்கள். வெள்ளையில் வெள்ளை எழுத்து தெரியவில்லை. ரகசியம் காக்கப்படுகிறது என்று பாதுகாப்பு அதிகாரி மகிழ்ந்தார். டெக்னீஷியன் அவர் சாப்பிடப் போயிருந்தபோது எழுத்தை நீலமாக்கினாள். ஜன்னல் திறக்கும்போதெல்லாம் பொது மேலாளரின் வாழ்த்துரை முழுவதும் ஓட வேண்டும் என்று ஆணை வந்தது. ஓடியது. குடும்பத்தாருக்கு அவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை எதையும் தட்ட முடியாது.

அதற்கப்புறம் அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இதுல நாம தட்டறதுக்குப் பேரு என்ன?"

"கட்டளை சார்," என்றாள் டெக்னீஷியன்.

"கட்டளையா? யார் யாருக்குப் போடறது?"

"அட்டவணை சார் கம்ப்யூட்டருக்குப் போடறாரு."

"அவர் கிரேடு என்ன? கட்டளை போடற கிரேடா அது? நானே மேல இருந்து வந்தா வாங்கித்தான் கீழ விடறேன். அவர் வேண்டுகோள் வெக்கலாம். கட்டளை போடக் கூடாது. இது கம்ப்யூட்டர் விஷயம் இல்லம்மா, ஒழுங்கு விஷயம்."

டெக்னீஷியன் ஜன்னலின் அமைப்பைத் திருத்தினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வரியும் 'தயவுசெய்து' என்று தொடங்கினால்தான் கணினி கேட்கும். பெரிய வேலையானால் 'ஐயா, தயவுசெய்து.'

"ஏம்மா, இதெல்லாம் அவர் சொன்னா செஞ்சுடுவியா?" என்று அட்டவணையாளர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செய்யலேன்னா அந்த ரூம்ல ஏசியை இன்னும் கூட்டுவார் சார்."

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. மாதமும் முடியும் நிலைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் வெள்ளையடிப்பவரைக் கூட்டிவந்து சுவரைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அட்டவணையாளர் வாழ்த்துரை ஓடி முடியக் காத்திருந்து, ஐயா, தயவுசெய்து அட்டவணை நிரலை ஓட்டவும் என்ற பொருளில் ஒரு வரி தட்டினார்.

அனுமதி இல்லை என்று வந்தது.

டெக்னீஷியன் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி இப்போ பயிற்சியில இருக்காரு சார். பயிற்சிக் காலத்துல அட்டவணைக் கோப்பைத் தொடக் கூடாது."

"எப்போ முடியும்?"

"ரெண்டு வருஷம். நடத்தை நல்லா இருந்தா."

"அதுவரைக்கும் அவர் என்ன செய்யலாம்?"

"தேதி பாக்கலாம் சார்."

அட்டவணையாளர் தேதி கேட்டார். தயவுசெய்து என்றுதான் கேட்டார். சரியான தேதி வந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி, பாத்திரங்களைத் துணியில் சுற்றி அடுக்கத் தொடங்கினாள்.

"எந்தப் பக்கம் வீடு பாக்கறது?" என்றார் அவர்.

"சுடுகாட்டுப் பக்கமா பாருங்க. அங்க அந்த வண்டி நின்னா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

மறுநாள் பணியாளர் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அம்மையார் கவலையோடு இருந்தார். தம்பிக்கு வருகைப்பதிவு எப்படி என்ற கேள்வி வந்தபோது, ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே, மூடினால் வெளியே என்று அவரேதான் தீர்ப்பளித்திருந்தார். முந்தின நாள் அட்டவணையாளர் விரக்தியில் ஜன்னலை மூடாமலே வீட்டுக்குப் போயிருந்தார்.

"உங்க தம்பி ராத்திரி முழுக்க ஆபீஸ்லயே இருந்திருக்கார்."

"அவர் என் தம்பி இல்ல மேடம். எழுதிக் கொடுத்திருக்கேன்."

"யாரா இருந்தா என்ன, நான் கேள்விப்பட்டதே இல்ல இப்படி ஒரு உழைப்பை. ஆனா இதுல ஒரு சிக்கல். ஊழியர் நலவிதின்னு ஒண்ணு இருக்கு. பணியில இருக்கிற கடைசி ஊழியர் வெளியேறாம கடைசிப் பேருந்து கிளம்பக் கூடாது. இதுவரைக்கும் அந்த விதி தேவைப்பட்டதில்ல. அஞ்சு மணிக்கு மேல இங்க எவனும் இருந்ததில்லையே. இப்போ இவர் ஒருத்தர் இருக்கார். நேத்து பஸ் இவரை விட்டுட்டுப் போயிருக்கு. புகார் கொடுத்தார்னா எனக்கு மெமோ."

அட்டவணையாளர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"மேடம், அப்போ தம்பி ஒன்பது மணிக்கு மேல கிளம்பினா?"

"பஸ் நிக்கும். நிக்கணும். கீழ நேரக்காப்பாளருக்கு இப்பவே போன் பண்ணிடறேன். ராத்திரி முழுக்க மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. அவ்வளவு நேரம் என்ன வேலை அவருக்கு?"

"தேதி பாக்கறார் மேடம். ரொம்பக் கவனமா பாக்கறார்."

"இந்தக் காலத்துல யாரு பாக்கறா?" என்றார் அம்மையார் நெகிழ்ந்து.

அட்டவணையாளர் தன் இடத்துக்கு வந்தார். ஜன்னலைக் குறித்த நேரம்வரை காக்கவைத்துத் தானாக மூடச் செய்ய வேண்டும். காத்திருக்கச் சொல்லும் கட்டளைக்கு அந்த ஜன்னலின் மொழியில் 'தூங்கு' என்று பெயர். பாதுகாப்புப் பிரிவு எத்தனையோ கட்டளைகளைத் தடை செய்திருந்தது. இதை மட்டும் அலுவலக நடைமுறைக்கு உட்பட்டது என்று விட்டுவைத்திருந்தது. ஒன்பது பத்து வரை தூங்கவும், பிறகு வெளியேறவும், தயவுசெய்து என்று ஒரே வரியில் தட்டிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினார்.

அன்று கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்கிவிட்டு விசிலுக்குக் காத்திருந்தார். நேரக்காப்பாளர் ஊதவில்லை. மாடியில் ஒருவர் இன்னும் வேலை செய்கிறார் என்றார். ஓட்டுநர் மாடியைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. இருட்டில் என்ன வேலை என்று கேட்டார். கணினி வேலை என்றார் நேரக்காப்பாளர். ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். எதிரே பணி முடித்த செவிலியர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாலையைக் கடந்து வந்து ஏறி உட்கார்ந்தார்கள்.

மாதக் கடைசியில் வீட்டுக்காரர் இரவு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். தெருமுனையில் பேருந்து நின்றது. அவள் இறங்கி நடந்து வந்தாள்.

"வண்டி?"

"நின்னுடுச்சுங்க."

"யாரும் சாகறதில்லையா?"

"சாகறாங்க. நான்தான் அதுல வர்றதில்ல."

அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பிணவண்டிக்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். பேச்சுக்குப் பதில் சொல்கிற ஆள் இனி கிடைக்காது என்றார்.

ஆண்டு விழாவில் சிறந்த ஊழியர் விருது தம்பிக்குக் கிடைத்தது. டெக்னீஷியன் கணினியை மேடைக்குத் தூக்கி வந்து மின் இணைப்பும் கொடுத்தாள். பொது மேலாளர் அதற்குச் சால்வை போர்த்தினார். பாதுகாப்பு அதிகாரி பேசினார்.

"எத்தனையோ பேரை நான் பாத்திருக்கேன். ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு வேலையை, அவசரப்பட்டுச் செஞ்சிடுவாங்க. தம்பி அப்படி இல்ல. சேர்ந்த நாள்ல இருந்து ஒரு வேலையும் செய்யல. ஆனா எல்லாருக்கும் கடைசியாத்தான் கிளம்பறார். எது கேட்டாலும் தயவுசெய்துன்னுதான் கேக்கறார். ஒரு ஊழியன் எப்படி இருக்கணும்னு நாங்க பல வருஷமா கனவு கண்டோமோ, அப்படியே இருக்கார். நான் ஓய்வு பெறும்போது என் நாற்காலிக்கு இவரைத்தான் சிபாரிசு பண்ணப்போறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. அட்டவணையாளரும் தட்டினார். சால்வைக்குள் கணினியின் விசிறி திணறுவது முன்வரிசைக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பிக்கா விருது? ரொம்ப சந்தோஷம்."

"அவன் என் தம்பி இல்ல."

"எழுதிக் கொடுத்தது உங்க ஆபீஸுக்கு. எனக்கு அவர் கொழுந்தனார்தான்." துண்டைக் கொடியில் போட்டாள். "நான் பஸ் ஏறணும்னு தினமும் ஒன்பது பத்து வரைக்கும் உக்காந்திருக்கார். கட்டின புருஷன் அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்துடறாரு."